நடுப்பகலில் லாந்தர்

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்டால், "ரொம்பத்தான் அக்கறை" என்பாய். அதனால் கேட்கவில்லை. போன் செய்யலாம் என்று எடுத்து எடுத்து வைத்தேன். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால், யார் முதலில் வைப்பது என்ற போட்டியாகத்தான் அது முடிகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

அப்பாவின் படம் டிவிடியாக வரப்போகிறது. நம் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட அதே "தலையணை ராஜ்ஜியம்"தான். பழைய தயாரிப்பாளரின் மகன், கிடங்கில் கிடந்த படங்களை மொத்தமாக எங்கள் கம்பெனி தலையில் கட்டிவிட்டிருக்கிறார். அந்த மூட்டையில் இதுவும் ஒன்று. நேற்று என் மேஜைக்கு வந்த உறையைப் பிரித்தேன். பார்த்ததும் திரும்ப மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. யார் விசாரித்தாலும் "உட்கார்ந்து டிவி பாக்குற வேலை" என்கிறாயாம், காதுக்கு வந்தது. ஒரு டிவிடி கடைக்குப் போகும் முன் அதை நான் மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும். அடுத்த முறை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தத்தை மட்டும். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்து, கையில் பேனாவோடு. எங்கே உதடும் குரலும் பொருந்தவில்லை, எங்கே கோடு விழுகிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று எழுதி, கடைசியில் தேர்ச்சி அல்லது தேர்ச்சியில்லை என்று போட வேண்டும். இதைச் செய்து செய்து எனக்குப் படம் பார்க்கவே தெரியாமல் போய்விட்டது. கதாநாயகி அழுதால் கண்ணீர் எந்தக் கன்னத்தில் இருந்தது, அடுத்த காட்சியில் அதே கன்னத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

இந்தப் படத்துக்கு மட்டும் வரிசையை மாற்றினேன். எடுத்த எடுப்பில் திரையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதைக் கொடுத்தேன். தூக்கம் வராத பையன் தன் தலையணைக்குள் விழுகிறான். உள்ளே எப்போதும் இரவாகவே இருக்கும் ஒரு ராஜ்ஜியம். ராஜாவின் தூக்கத்தைப் பூதம் திருடிக்கொண்டு போய்விட்டது. குழந்தைகள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு தேடக் கிளம்புகிறார்கள். அப்புறம் ஒட்டுமீசை வைத்த ஐந்து வயது மந்திரி வந்து, "அரசே, இருட்டிக்கொண்டு வருகிறது!" என்றான். எப்போதும் இரவாக இருக்கும் ஊரில் இருட்டிக்கொண்டு வருவது எப்படி என்று படம் எடுக்கும்போதே அப்பாவைக் கேட்டேன், "நீ சும்மா இரு" என்றார். நேற்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நாளை படத்தைப் பார்ப்பேன். சொந்தக்காரர் எடுத்த படத்தைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அப்பா புனைபெயரில் எடுத்ததால் இங்கே யாருக்கும் தெரியாது, நானும் வாயைத் திறக்கவில்லை. அவரிடமும் எங்கள் கம்பெனி என்றோ நான்தான் பார்க்கிறேன் என்றோ சொல்லிவிடாதே. கம்பெனிக்கே போன் போட்டு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த மாதம் கடைக்கு வந்துவிடும்.

அவர் கண் எப்படி இருக்கிறது, மந்திரி?

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

முதலில் அந்த மந்திரியை விடு. எனக்கு நாற்பது வயதாகிறது. மீசையெல்லாம் சொந்தமாகவே வளர்ந்துவிட்டது.

உன் கடிதத்தை இரண்டு மாடிகளுக்கு நடுவே, நின்றுபோன லிஃப்டின் கூரை மேல் உட்கார்ந்து படித்தேன். மோட்டார் சூடு ஆறும்வரை நான் ஒன்றும் செய்ய முடியாது, எனக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். உள்ளே மாட்டிக்கொண்ட அம்மாள், "தம்பி, இருக்கியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டே படித்தேன். வீட்டிலும் இதே பாட்டுத்தான். ஹாலில் இருந்து அப்பா "இருக்கியா?", சமையலறையில் இருந்து நான் "இருக்கேன்."

கண் எப்படி என்று கேட்டிருக்கிறாய். நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. போனது போனதுதானாம், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டியதுதானாம். குழாய் ரிப்பேர்க்காரர் பழைய குழாயைப் பார்த்துச் சொல்வது மாதிரி டாக்டர் சொன்னார். பட்டப்பகலில் ட்யூப்லைட் போடச் சொல்கிறார். தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றிவிட்டு, தம்ளர் ஓட்டை என்கிறார். மாடிப்படி ஓரங்களில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்தேன். "என்னடா, சர்க்கஸ் கொட்டாய் மாதிரி ஆக்கிட்டே" என்றார். சந்தோஷமாக இருந்தது. டேப் தெரிகிறதே என்று.

போன தடவை போனில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நீ சரியாப் பாத்திருந்தா கண்ணு இந்த நிலைமைக்கு வந்திருக்குமா?" நான் வைத்தது கோபத்தில் என்று நீ நினைத்திருப்பாய். பாதி கோபம், பாதி சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறாய், சரி. வீட்டுக்குப் பேசும்போதாவது அந்த வேலையை ஆபீசிலேயே வைத்துவிட்டு வரக் கூடாதா?

டிவிடி வருகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீ பார்க்கிறாய் என்பதைச் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டார், அன்றைக்கே வீட்டுக்குப் படம் வந்து இறங்கப் போவது மாதிரி. தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். "கலர் எப்படி வந்திருக்குன்னு யாரையாவது கேளுடா" என்றார். இப்போது நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும் முன் கேள்வி வந்துவிடுகிறது: "சிடி வந்துச்சா?" அவருக்கு எல்லாமே சிடிதான். அவரிடம் இருந்த ஒரே வீடியோ கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போனது உனக்குத் தெரியும். அதைத் தூக்கிப் போடவும் விடாமல் ஒரு துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எதையும் நோண்டாதே. கண்ணை மூடிக்கொண்டு தேர்ச்சி போட்டு அனுப்பு. கண் இருக்கும்போதே ஒருமுறை அவர் பார்த்துவிடட்டும்.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

போட முடியவில்லை.

திட்டுவதற்கு முன் முழுதாகப் படி. படத்தைப் பார்த்தேன். ராஜ்ஜியம் முழுக்க நடுப்பகல். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதில் குழந்தைகள் ஆளுக்கொரு லாந்தரைத் தூக்கிக்கொண்டு, முன்னால் கையை நீட்டித் தடவித் தடவி நடக்கிறார்கள். "ஐயோ, என் கையே எனக்குத் தெரியவில்லையே" என்கிறாள் ராஜகுமாரி. அவள் கை, வளையல், நகத்து அழுக்கு எல்லாம் எனக்குத் தெரிகிறது. நீ வந்து இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறாய், உன் மீசைக்கு அடியில் பசை வழிந்து மின்னுகிறது. பூதம் யார் கண்ணிலும் படாமல் மரத்துக்கு மரம் பதுங்கி வர வேண்டும். கறுப்புப் போர்வைக்குக் கீழே அதன் பேன்ட்டும் செருப்பும் பளிச்சென்று தெரிகின்றன.

ஏன் இப்படி ஆயிற்று என்பது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது பொடியன். அந்த இரவுக் காட்சிகள் எல்லாமே பகலில் எடுத்தவை. தூக்கமே வராத ஊரைப் பற்றிய படம், ஆனால் ராத்திரியில் எடுத்தால் நடிகர்கள் அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள், எல்லாம் குழந்தைகள். அதனால் அப்பா வெயிலில் எடுத்து, பிரிண்ட் போடும்போது பிலிம் லேபில் இருட்டாக்கி நீலம் ஏற்றச் சொன்னார். அப்போது எல்லோரும் செய்ததுதான். கிடங்கில் இருந்து வந்ததோ பிரிண்ட் இல்லை, நெகட்டிவ். அதில் வெயில் அப்படியே இருக்கிறது. இரவாக்கச் சொல்லும் குறிப்பு எங்கோ தொலைந்துவிட்டது.

எங்கள் ஆபீசில் பழைய படங்களின் நிறத்தைச் சரிசெய்பவரைச் சுண்ணாம்பு என்போம். எதைக் கொடுத்தாலும் வெள்ளையடித்த மாதிரி வெளுப்பாக்கிக் கொடுப்பார். போய்க் கேட்டேன்.

"நிழல் விழுது பாருங்க. நிழல் விழுந்தா பகல்தானே?" என்றார்.

"நிலா வெளிச்சத்துல நிழல் விழாதா?"

"இவ்ளோ கறுப்பாவா?"

"கையில லாந்தர் வச்சிருக்காங்களே, அதையாவது பாத்தீங்களா?"

"குழந்தைங்க விளையாடுதுன்னு நெனச்சேன்."

மனிதர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வார், தலைவலி வருமாம். படம் முழுக்க இருட்டு இருட்டு என்று எல்லோரும் புலம்புவது அவர் காதில் விழவே இல்லை.

குறைகளை வரிசையாக எழுதி, தேர்ச்சியில்லை என்று கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்ய வேண்டும். முன்னால் வேறு படங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆகஸ்ட் ஆகலாம்.

அப்பா எடுத்தது ஒரே படம். அது ஒரு வாரம் ஓடி, பெட்டிக்குள் போனது. இத்தனை வருஷம் கழித்து வெளியே வரும்போது ஊர் சிரிக்கும்படி வர விடச் சொல்கிறாயா? என்னால் முடியாது.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

வாழ்த்துகள். இருட்டு போதவில்லை என்று கண் போய்க்கொண்டிருக்கிற மனிதரின் படத்தைத் தடுத்து நிறுத்திவிட்டாய்.

அவரிடம் சின்னக் கோளாறாம், ஆகஸ்ட் ஆகுமாம் என்றேன். "கோளாறு இருந்தா விடக் கூடாது, சரிதான்" என்று பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு, "ஆகஸ்ட் வரைக்கும் கண்ணு தாங்குமாடா?" என்றார். பஸ் இருக்குமா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். எனக்குக் காதில் விழாத மாதிரி குனிந்து தட்டை எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஊர் சிரிக்குமாம். எந்த ஊர்? அந்த டிவிடியை எத்தனை பேர் வாங்கப் போகிறார்கள்? நான் ஒன்று, அப்பாவுக்குப் பயந்து எங்கள் கீழ்வீட்டுக்காரர் ஒன்று.

நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும், நீயே ஒத்துக்கொள்ள மாட்டாய். ராஜகுமாரியாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போட்டார். என் மூக்குக்குக் கீழேகூட மீசை ஒட்டினார். உனக்கு ஒரு வேஷமும் கொடுக்கவில்லை. படப்பிடிப்பு முடியும் வரை நீ அவரோடு பேசவில்லை என்று அம்மா சொல்வார். அதை மனசிலேயே வைத்திருந்து இப்போது ஒரு கையெழுத்தில் தீர்த்துவிட்டாய்.

எனக்கு எழுத வேண்டாம். ஆகஸ்டில் டிவிடி வந்தால் அதை மட்டும் அனுப்பு.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு வேஷம் தரவில்லை, உண்மை. பெரிய பெண், பொறுப்பான பெண் என்று சொல்லி, ஜிகினாத் தாள் ஒட்டிய ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். குழந்தைகள் லாந்தரோடு வரும்போது நான் மரத்தடியில் நின்று அட்டையைத் திருப்பி லாந்தர் கண்ணாடியில் வெயில் படும்படி காட்ட வேண்டும். அப்போதுதான் லாந்தர் எரிகிற மாதிரி தெரியும். நான் நிற்பது படத்தின் ஓரத்தில் விழுந்தாலும் பரவாயில்லை, அந்த இடம் இருட்டில் மறைந்துவிடும் என்றார். மறைந்துவிட்டது.

இந்த நடுப்பகல் டிவிடியில் நான் இருக்கிறேன். வலது ஓரத்தில், பூப்போட்ட கவுனோடு, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். ஒரு காட்சியில் நின்றபடியே தூங்கி விழுகிறேன். அப்பாவின் படத்தில் நான் தெரிவது உலகத்திலேயே இந்த ஒரு டிவிடியில்தான். பழைய கோபத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் அதை அப்படியே கடைக்கு அனுப்பியிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? குறை பதினேழு, வலது ஓரத்தில் தேவையற்ற நபர் தெரிகிறார், நீக்கவும் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

மருந்தை நேரத்துக்குப் போடு. போடுகிறாய் என்று தெரியும்.

அக்கா

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

டிவிடியை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். கடைக்கு வரும் முன்பே உனக்கு வந்துவிடும்.

கோடை முழுக்க உன்னிடம் இருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை. தினமும் சுண்ணாம்பு பின்னால் நின்று நச்சரித்தேன். இன்னும் இருட்டு, இன்னும் கொஞ்சம் நீலம், லாந்தரை மட்டும் மஞ்சளாக விடுங்கள் என்று. "உங்க அப்பா வீட்டுப் படமா இது?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். தூக்கிவாரிப் போட்டது. சும்மா சொல்லியிருக்கிறார்.

மூன்று முறை பார்த்தேன். ஒரு குறை இல்லை. நான்காவது முறை பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தேன். தலையணைக்குள் பையன் விழுந்ததும் அப்படியே நீல இரவு சூழ்ந்துகொள்கிறது, அதில் லாந்தர்கள் மட்டும் மிதந்து வருகின்றன. பூதம் வருவது தெரியவே இல்லை, எனக்கே பக்கென்று ஆனது. இவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறார், நாம் அவரை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். கண் நிறைந்துவிட்டது. தேர்ச்சி என்று எழுதும்போது, காத்திருந்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுது.

அக்கா

ஆகஸ்ட் 31

அக்காவுக்கு,

ஒரு வரியில் எழுத முடியவில்லை.

குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நாற்காலியை டிவிக்கு ஒட்டிப் போடச் சொன்னார். பெயர் போடும்போது வெள்ளை எழுத்து பெரிதாக வந்தது, விரலால் தடவி வாசித்தார். பையனின் படுக்கையறை கொஞ்சம் தெரிந்தது, தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். பையன் தலையணைக்குள் விழுந்தான்.

"என்னடா, கரண்ட் போயிடுச்சா?"

"இல்லப்பா, ஓடுது."

"சத்தம் கேக்குது. படம் எங்க?"

டிவியின் வெளிச்சத்தைக் கூட்டினேன். எவ்வளவு கூட்டினாலும் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரிதான் வந்தது. லாந்தர் தெரிகிறதா என்றேன். எங்கே என்றார். இதோ என்று அவர் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். "ஆமா ஆமா, தெரியுது" என்றார். அப்போது அங்கே லாந்தர் இல்லை, காட்சி மாறிவிட்டது.

பிறகு அவரே, "இருக்கட்டும், ஓடட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். நான் கதை சொல்லப் பார்த்தேன், "எனக்குத் தெரியாதாடா, நான் எடுத்த படம்" என்றார். முடிந்ததும், "சத்தம் சுத்தமா இருக்கு, நல்லா பண்ணியிருக்கான்" என்றார். டிவிடியை எடுத்துத் தரச் சொல்லி, அந்தப் பூஞ்சைக் கேசட் இருக்கும் துணியிலேயே சேர்த்துச் சுற்றி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் வேலைவிட்டு வந்தால் ஒரு கேள்வியும் இல்லை. இருக்கியா என்றுகூடக் கேட்பதில்லை. மார்ச் மாதத்தில் அவருக்கு மஞ்சள் டேப் தெரிந்தது. இப்போது காலால் தடவித்தான் இறங்குகிறார். உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். திட்டவும் தெம்பில்லை, அக்கா. அசதியாக இருக்கிறது.

அந்த நடுப்பகல் டிவிடி உன்னிடம் இருக்கிறதா? வெயில் என்றால் அவருக்கு இன்னும் கொஞ்சம் தெரிகிறது. இருந்தால் அதை அனுப்பு.

தம்பி

செப்டம்பர் 8

தம்பிக்கு,

இல்லை. தேர்ச்சியில்லாத டிவிடியைக் கத்தரித்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. நான்தான் கத்தரித்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டுத்தான் புதிதாக ஆரம்பித்தார்கள். அழித்தாயிற்றா அழித்தாயிற்றா என்று கேட்டுக் கேட்டு அழிக்க வைத்தவளும் நான்தான்.

நான் சரியாகத்தான் செய்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் அந்த டிவிடிக்குத் தேர்ச்சி போட மாட்டேன். ஆனால் மார்ச்சில் நான் போட்டிருந்தால் ஏப்ரலில் அவர் பார்த்திருப்பார். இந்த இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது.

அன்று போனில் உன்னைச் சொன்னது அபாண்டம். கூடவே இருந்து பார்ப்பவன் நீ. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு மார்க் போட எனக்கு என்ன யோக்யதை?

சரி, அழுது ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கு ஒரு வேலை செய். டிவியை அவர் முன்னால் ஓட விட்டு, எது வந்தால் அவருக்குத் தெரிகிறது என்று கவனி. கேட்காதே, கேட்டால் எல்லாம் தெரிகிறது என்பார். அவர் முகத்தைப் பார்.

அக்கா

செப்டம்பர் 17

அக்காவுக்கு,

ஒரு ஞாயிறு முழுக்க டிவியைப் பார்க்காமல் அவரையே பார்த்தேன். செய்தி, தெரியவில்லை. சீரியல், தெரியவில்லை, அது நல்லதுக்குத்தான். கிரிக்கெட்டில் பந்து தெரியாது, பச்சை தெரிகிறது. சலவைத்தூள் விளம்பரம் வந்தால் மட்டும் நிமிர்கிறார். அந்த அம்மாள் வெள்ளைச் சட்டையை வெயிலில் உதறுவாளே, அப்போது, "ஏன்டா, அந்தக் காலர்ல கறை அப்படியே இருக்கே" என்றார்.

அந்தச் சலவைத்தூள் அளவுக்கு வெளிச்சம் இருந்தால் தெரியும். அதுவும் எத்தனை நாளைக்கோ.

தம்பி

அக்டோபர் 20

தம்பிக்கு,

சுண்ணாம்பிடம் போய் நின்றேன். மார்ச்சில் செய்த தப்பை அப்படியே இன்னொரு தடவை செய்து தர வேண்டும் என்றேன். நான் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "விடுங்க மேடம், அதான் சரி பண்ணியாச்சே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விதியாவது ஒன்றாவது என்று, இது என் அப்பா படம், அவருக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். முகத்தை என் பக்கம் திருப்பினார். அப்புறம், "அப்போ ஆபீஸ் நேரத்துல வேணாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அதே நெகட்டிவை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்றார். சலவைத்தூள் விளம்பரம் என்றேன். அவரைப் போல ஒரு வெளிச்சப் பிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏற்றினார், ஏற்றினார், முன்பு செய்ததைவிட மோசமாக ஏற்றினார். இலைகள் எல்லாம் வெந்து போன மாதிரி வெளுத்துவிட்டன. முகங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்ட மாதிரி பிரித்துக் கொடுத்தார். இந்தத் தடவை மனிதர் சத்தத்தையும் வைத்துக் கேட்டார். "இருட்டிக்கொண்டு வருகிறது" என்று நீ சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஓரத்தில் நிற்கும் பெண்ணை என்ன செய்ய, எடுத்துவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். நரம்பு போகும்போது ஓரம்தான் முதலில் போகும் என்று படித்திருக்கிறேன். அவருக்குத் தெரியப் போவதில்லை.

இது ஒரே ஒரு பிரதி. இருக்கிற விதியெல்லாம் மீறி எடுத்தது. பழக்கதோஷத்தில் இதற்கும் மூன்று முறை உட்கார்ந்து குறைகளை எழுதினேன், தாள் போதவில்லை. கடைசியில் தேர்ச்சி என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன். உறையிலேயே வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியது என்று சொல்லி அவருக்குப் போட்டுக் காட்டு. அவர் அசதியில்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடு.

தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது, மறைக்காதே.

அக்கா

நவம்பர் 2

அக்காவுக்கு,

வேண்டாம் என்றுதான் சொன்னார். "அதான் கேட்டாச்சே" என்றார். கடைக்காரர் வேறே சிடி கொடுத்தார், இதில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம் என்று பொய் சொல்லி, கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பையன் தலையணைக்குள் விழுந்தான். ஹால் முழுக்க வெள்ளை வெளிச்சம் அடித்தது. அப்பா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்வையின் நடுவில் எதையோ பிடித்தார். நான் திரையைப் பார்க்கவே இல்லை.

"நிறுத்துடா."

நிறுத்தினேன்.

"இது ராத்திரி சீன்."

"ஆமாப்பா."

"வெயிலடிக்குது!"

திரும்ப ஓட விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில், "பூதம் பேன்ட் போட்டிருக்குடா!" என்று ஒரு கத்து கத்தினார். கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அப்பா குரல் அவ்வளவு உயர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அதற்கப்புறம் படம் எங்கே ஓடியது? பத்தடிக்கு ஒருதரம் நிறுத்து, திருப்பு, அதோ பார், அந்த லாந்தரில் திரியே இல்லை, அந்தப் பொண்ணு வளையல் மாறிப்போச்சு, உன் மீசை கோணல். எல்லாம் தெரியவில்லை, பாதி அவர் மனசில் இருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். பாதி தெரிந்தது. மத்தியானம் போட்டது, முடியும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. சாப்பாட்டையும் கேட்கவில்லை.

"எவன்டா இதுக்கு பாஸ் போட்டான்? பேப்பர் எடு" என்றார்.

நீதான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல? ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாகக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சொல்லச் சொல்ல எழுதினேன், நடுவில் இரண்டு தடவை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டு வந்தேன். கம்பெனிக்குத்தான் விலாசம் எழுதச் சொன்னார். உனக்கு அனுப்புகிறேன், உனக்கு வந்ததுதானே. அவர் சொன்னது சொன்னபடி கீழே இருக்கிறது:

"சிடி சோதனை அதிகாரி அவர்களுக்கு. தாங்கள் வெளியிட்டுள்ள தலையணை ராஜ்ஜியம் என்ற படத்தில் இரவு முழுவதும் பகலாக இருக்கிறது. எனக்குக் கண் பார்வை மிகவும் குறைவு. எனக்கே தெரிகிறது. இதைத் தேர்ச்சி செய்தவர் திரையைப் பார்த்தாரா, சுவரைப் பார்த்தாரா என்று அறிய விரும்புகிறேன். அவரை உடனே வேலையை விட்டு எடுக்கவும். வேறு ஆள் தேவைப்பட்டால் என் மகள் இதே வேலையில்தான் இருக்கிறாள். சின்ன வயதிலேயே என் தப்பை என் முகத்துக்கு நேராகச் சொன்னவள். அவள் கைக்கு இது போயிருந்தால் கடை வாசலையே மிதித்திருக்காது."

பதிலுக்குக் காத்திருக்கிறார். தாமதம் பண்ணாமல் எழுது.

தம்பி